இங்கிலாந்துக் கிராமத்தில் வீடு வாங்கியிருக்கிறோம்: ஊர் சொசைட்டியில் சேரலாமா?

சஃபோக்குக்குப்_புதுசு:

வணக்கம். பல வருடம் இல்ஃபோர்டில் இருந்துவிட்டு இப்போதுதான் சஃபோக்கில் ஒரு கிராமத்துக்குக் குடிவந்திருக்கிறோம். தெருவை ஒட்டி வரிசையாக நிற்கும் பழைய வீடுகளில் ஒன்று எங்களுடையது. லிஸ்டட் பில்டிங் (அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம்) இல்லை, ஆனால் கன்சர்வேஷன் ஏரியாவுக்குள், அதாவது பழமைக்காகக் கவுன்சில் பாதுகாக்கும் பகுதிக்குள், வருகிறது என்று சொலிசிட்டர் சொன்னார்.

போன வாரம் கதவு வழியாக ஒரு துண்டுக் காகிதம் வந்து விழுந்தது. இந்த ஊர் அமெனிட்டி சொசைட்டியில் உறுப்பினராகச் சேரச் சொல்லி அழைப்பு. ஊரின் தன்மையைக் காப்பது, ஊர் மக்களை ஒன்றாக வைத்திருப்பது என்று நோக்கம் போட்டிருக்கிறார்கள். வருடச் சந்தா சொற்பம்தான். ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டி, "அவர்கள் எல்லாவற்றுக்கும் ஆட்சேபம் எழுதுவார்கள், பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் முன்பக்க ஜன்னலின் அடிக்கட்டை மக்கிப்போயிருக்கிறது. குளிர் வருவதற்குள் எல்லா ஜன்னலையும் மாற்றி இரட்டைக் கண்ணாடி போடலாம் என்றிருக்கிறேன். பின்னால் ஒரு சிக்கமோர் மரம் வேறு கூரைமேல் சாய்ந்து நிற்கிறது. இதற்கெல்லாம் அவர்கள் தடை போட முடியுமா? சேர்ந்தால் நம்மை மதிப்பார்களா, அல்லது சந்தா வாங்கிக்கொண்டு ஒதுக்கி வைப்பார்களா? பிள்ளைகள் வளரப்போகும் ஊர், சேர்ந்துவிடுங்கள் என்கிறாள் மனைவி. எனக்குத்தான் தயக்கம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சுண்ணாம்புச்_செல்வி:

நானும் சஃபோக்தான், வேறு கிராமம். எங்கள் ஊர் சொசைட்டியின் செயற்குழுவில் இருக்கிறேன். பிளானிங் அப்ளிகேஷன்களை, அதாவது கட்டட அனுமதி விண்ணப்பங்களை, படிப்பது என் வேலை.

முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். சொசைட்டிக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் மாவட்டக் கவுன்சில். ஊரளவில் தேர்தல் வைத்து அமைப்பது பாரிஷ் கவுன்சில். 1894 சட்டத்திலிருந்து இருக்கிறது. அதனிடமும் கருத்துதான் கேட்பார்கள். சொசைட்டி என்பது உங்களையும் என்னையும் போன்றவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம். மற்றவர்கள் படிக்க நேரமில்லாமல் விடும் காகிதங்களை உட்கார்ந்து படிக்கிறோம். எங்கள் பலம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

ஜன்னல் விஷயம். லிஸ்டட் இல்லாத முழு வீடு என்றால் (ஃபிளாட்டாக இருக்கக் கூடாது) கன்சர்வேஷன் ஏரியாவிலும் ஜன்னல் மாற்றப் பொதுவாகத் தனி அனுமதி வேண்டாம். பார்வைக்குப் பழையதைப் போல இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் இந்தச் சலுகையை நீக்கும் 'ஆர்ட்டிகிள் 4' என்ற உத்தரவை உங்கள் தெருவுக்குக் கவுன்சில் போட்டிருந்தால் அனுமதி கேட்டே ஆக வேண்டும். கவுன்சில் இணையதளத்தில் இதை முதலில் பாருங்கள். மரத்துக்கு வேறு விதி. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தண்டின் குறுக்களவு 7.5 சென்டிமீட்டரைத் தாண்டினால், வெட்டவோ கிளை கழிக்கவோ ஆறு வாரம் முன்னதாகக் கவுன்சிலுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். கட்டணம் இல்லை. தெரிவிக்காமல் வெட்டினால் அபராதம் வரும், அதனால் ஆளைக் கூப்பிடும் முன் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள்: அடிக்கட்டை மட்டும் மக்கியிருந்தால் ஜன்னல் முழுவதையும் பிடுங்காதீர்கள். நல்ல தச்சர் மக்கிய பகுதியை மட்டும் அறுத்தெடுத்துப் புது மரத்தை இணைத்துவிடுவார். உள்பக்கம் இரண்டாவது கண்ணாடி பொருத்தினால் குளிரும் சத்தமும் குறையும். பழைய காலத்து மரம் நெருக்கமான இழையோடு இருக்கும். இன்று கடையில் வாங்கும் மரம் அந்த ஆயுள் வருவது கஷ்டம்.

இந்தச் சங்கங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் அவர்கள் பேச்சு புரியும். போருக்குப் பிறகு சாலைக்கும் புதுக் கட்டடத்துக்கும் பழைய தெருக்கள் தரைமட்டமானபோது ஊர் ஊராக மக்கள் சங்கம் வைத்தார்கள். டங்கன் சாண்டிஸ் என்ற அரசியல்வாதி 1957இல் இப்படிப்பட்ட சங்கங்களுக்குத் துணைநிற்கும் சிவிக் டிரஸ்ட் அமைப்பைத் தொடங்கினார். அவரே கொண்டுவந்த 1967 சட்டத்தில்தான் கன்சர்வேஷன் ஏரியா என்ற ஏற்பாடு பிறந்தது. முதலில் அறிவிக்கப்பட்டது லிங்கன்ஷயரில் உள்ள ஸ்டாம்ஃபர்ட் ஊர். ஒரு கட்டடத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது, அதன் அக்கம்பக்கம், சந்து, மரம், மதில் எல்லாம் சேர்ந்தால்தான் ஊர் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது. எனக்கு இது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நான் எப்படி உள்ளே போனேன் என்று சொல்கிறேன். எங்கள் தெருவில் மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடு ஒன்று. வெளிச்சுவர் வெடித்திருந்தது என்று மேஸ்திரி ஒருவர் சிமென்ட் பூசத் தொடங்கிவிட்டார். நான் காரைக்குடிப் பக்கம் வளர்ந்தவள், சுண்ணாம்புச் சாந்து என்ன செய்யும் என்று தெரியும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கித் திருப்பி வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. ஈரம் உள்ளேயே நின்று ஓக் மரச்சட்டம் கண்ணுக்குத் தெரியாமல் மக்கும். சொசைட்டியில் ஒரு பெரியவருக்கு இது நன்றாகத் தெரியும். அவர் சண்டை போடவில்லை. வீட்டுக்காரரோடு சுவர் ஓரம் நின்று, பழைய பூச்சு உதிர்ந்த ஒரு துண்டைக் கையில் எடுத்து, அதில் ஒட்டியிருந்த ஆட்டுமுடியைக் காட்டினார். சாந்து பிடிப்பாக நிற்க அந்தக் காலத்தில் முடி கலந்து பிசைவார்கள். எங்கள் ஊரில் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று நான் சொன்னேன். வீட்டுக்காரர் வேலையை நிறுத்தினார், சுண்ணாம்பு வேலை தெரிந்தவரை வரவழைத்தார். அடுத்த கூட்டத்துக்கு வா என்று பெரியவர் என்னைக் கூப்பிட்டார். மதிப்பார்களா என்று கேட்டீர்களே, அதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

வீடும் சுவரும் பாதிக் கதை. மீதிப் பாதியை நீங்கள் வந்து பார்த்தால்தான் தெரியும். எங்கள் ஊர் நடுவில் ஒரு சிவப்பு டெலிபோன் கூண்டு இருக்கிறது. 1935இல் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்த கே6 வகை. பிரிட்டிஷ் டெலிகாம் அதை ஒரு பவுண்டுக்குப் பாரிஷ் கவுன்சிலிடம் கொடுத்துவிட்டது. இப்போது உள்ளே இதயத்துடிப்பு நின்றால் அதிர்ச்சி கொடுக்கும் கருவி, கீழ்த்தட்டில் எடுத்துப் படித்துவிட்டுத் திருப்பி வைக்கும் புத்தகங்கள். பெயின்ட் அடிப்பது சொசைட்டி. அந்தச் சிவப்புக்கு 539 என்று எண்ணே இருக்கிறது, வேறு சிவப்பை அடித்தால் ஊரே கண்டுபிடித்துவிடும். பெயின்ட் அடிக்கும் நாளில் வருகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு சின்ன பிரஷ் கொடுப்போம்.

நடைபாதைகளையும் நாங்கள்தான் நடந்து பார்க்கிறோம். வயல் நடுவே போகும் பொதுப்பாதையை விவசாயி உழலாம், ஆனால் 14 நாளுக்குள் திரும்ப ஒரு மீட்டர் அகலத்துக்காவது சமன்செய்து நடக்க விட வேண்டும் என்பது சட்டம். பார்லி வளர்ந்து பாதை மறைந்தால் புகார் எழுதுவதற்கு முன் பண்ணைக்காரரிடம் போய்ப் பேசுவோம். பெரும்பாலும் அந்த வாரத்திலேயே சரியாகிவிடும்.

ஹெர்ட்ஸ்_குமரன்:

அக்கா எழுதியது அழகாக இருக்கிறது, ஆனால் மறுபக்கமும் சொல்ல வேண்டும். எங்கள் கிராமத்தில் ஊர்க்கோடி வயலில் வீடு கட்ட விண்ணப்பம் வந்தபோது சொசைட்டி முழு மூச்சாக எதிர்த்தது. எழுதியவர்கள் எல்லாம் பெரிய தோட்டம் வைத்த வீட்டுக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள். பள்ளியில் உதவியாளராக இருக்கும் பெண்ணும் கேர் ஹோமில் வேலை செய்கிறவர்களும் வெகுதூரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள், ஏனென்றால் ஊருக்குள் வாடகை கொடுக்க முடியாது. சிறு பிள்ளை வைத்திருக்கும் குடும்பங்கள் குறைந்துகொண்டே போனால் பள்ளியை யார் காப்பாற்றுவது? அழகான ஓட்டுக் கூரைகளை வைத்துக்கொண்டு உள்ளே ஆள் இல்லாமல் என்ன செய்வது? புதிதாக வருகிறவர் இதையும் தெரிந்துகொண்டு சேரட்டும்.

சுண்ணாம்புச்_செல்வி:

குமரன், நீங்கள் சொல்வது நடக்கிறது, எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட சொசைட்டிக்கு இவரைப் போன்ற ஆட்கள் உள்ளே வந்தால்தான் வழி. சின்னப் பிள்ளை வைத்திருக்கிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் யாருமே கூட்டத்துக்கு வராவிட்டால் வருகிறவர்களின் கவலைதான் கடிதத்தில் ஏறும்.

எங்கள் ஊரிலும் வயலில் வீடு கட்ட விண்ணப்பம் வந்தது. வீடு வேண்டாம் என்று எழுத வேண்டும் என்று சிலர் நின்றார்கள். நான் எதிர்த்துப் பேசினேன். கடைசியில் வீடுகளுக்கு ஆதரவு என்று எழுதி, வண்டிப்பாதையை மட்டும் மாற்றச் சொன்னோம். முதல் வரைபடத்தில் அது பழைய வேலியையும் பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் குறுகிய சந்துப் பாதையையும் வெட்டிக்கொண்டு போனது. திருத்திய வரைபடத்தில் பாதை மறுபக்கம் போய்விட்டது. எதை எழுதினால் எடுபடும் என்பதும் முக்கியம். போக்குவரத்து, வெளிச்சம், அண்டை வீட்டுத் தனிமை, வடிவமைப்பு, பழமை எல்லாம் கணக்கில் வரும். என் வீட்டு விலை இறங்கும், என் ஜன்னலிலிருந்து காட்சி மறையும் என்று எழுதினால் அதிகாரி அதைக் கணக்கில் எடுக்க மாட்டார். கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாள் தருவார்கள். பல கவுன்சில்களில் விண்ணப்பத்தை முடிவுசெய்யும் குழுவின் கூட்டத்துக்கே போய்ச் சில நிமிடம் பேசவும் முடியும்.

இன்னொன்றும் இருக்கிறது. சாதாரணமாக வீடு கட்ட விடாத ஊரோர நிலத்தில், அந்த ஊரோடு தொடர்புள்ளவர்களுக்கு மட்டும் மலிவு வீடு கட்ட அனுமதிக்கும் ஏற்பாடு உண்டு. ரூரல் எக்ஸெப்ஷன் சைட் என்பார்கள். அதற்கு முதலில் ஊரில் யாருக்கு என்ன வீடு தேவை என்று கணக்கெடுக்க வேண்டும். உங்கள் சொசைட்டி அந்தக் கணக்கெடுப்பை வீடு வீடாகக் கொண்டுபோகட்டும் என்று ஒரு தீர்மானம் கொடுத்துப் பாருங்களேன், குமரன்.

பப் விஷயமும் அப்படித்தான். 2011 சட்டத்தின்படி ஊருக்குப் பயன்படும் இடம் என்று பப்பையோ கடையையோ பட்டியலில் சேர்க்கச் சொல்லலாம். உள்ளூர் வாக்காளர்கள் 21 பேர் சேர்ந்தாலே விண்ணப்பிக்கலாம். உரிமையாளர் விற்க வந்தால், வாங்க முயல்கிறோம் என்று ஊர்க்காரர்கள் முதல் ஆறு வாரத்துக்குள் கை தூக்க வேண்டும். தூக்கினால் பணம் திரட்ட மொத்தம் ஆறு மாதம் கிடைக்கும். அவர் நமக்குத்தான் விற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் ஒரே இரவில் கைமாறிப்போகாது.

ஹெர்ட்ஸ்_குமரன்:

கணக்கெடுப்பு யோசனை நன்றாக இருக்கிறது. வருடாந்தரக் கூட்டம் வருகிறது, பேசிப் பார்க்கிறேன்.

சஃபோக்குக்குப்_புதுசு:

இருவருக்கும் நன்றி. மரத்துக்குக் கவுன்சிலுக்கு இன்றே எழுதிவிட்டேன். ஆர்ட்டிகிள் 4 தேடினேன், எங்கள் தெருவுக்கு இருப்பது போலத் தெரிகிறது. சந்தாப் படிவத்தையும் நிரப்பிவிட்டேன், மனைவி பெயரையும் சேர்த்து. ஜன்னலுக்குத் தச்சர் யாரை நம்புவது?

சுண்ணாம்புச்_செல்வி:

படிவத்தைத் தபாலில் போடாதீர்கள், நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். உங்கள் தெருவில் யார் வீட்டு ஜன்னலைக் கடைசியாகப் பழுதுபார்த்தார்கள், யார் பார்த்தது? இரண்டாவது, உங்கள் கன்சர்வேஷன் ஏரியாவுக்கான அப்ரைசல் (மதிப்பீட்டு) அறிக்கை எங்கே கிடைக்கும்? பெரும்பாலான இடங்களில் அதைக் கவுன்சில் தயாரித்து வைத்திருக்கும், தெருத்தெருவாக எது முக்கியம் என்று எழுதியிருக்கும். உங்கள் வரிசை வீடுகளைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஜன்னல் படத்தோடு கவுன்சிலின் கன்சர்வேஷன் ஆஃபீசருக்கு ஒரு மெயில் போடுங்கள். பழுதுபார்த்தால் அனுமதி வேண்டுமா, மாற்றினால் வேண்டுமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதில் வந்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து படிப்போம்.