நாலு மணிக் காப்பிக்கு வீட்டிலேயே சுட்ட கேக்: கடலோரத்து அனுபவங்களைச் சொல்லுங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து

ஏப்ரல் 15 வந்தால் எங்கள் வீட்டில் நாலு மணிக் காப்பிக்கு ஆள் கூடிவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. வீட்டுக்காரர், கொழுந்தனார், கூடப் படகில் போகிற இரண்டு பேர் என்று எல்லாரும் வலை வேலையை முடித்துவிட்டு திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வருமானம் இல்லாத இரண்டு மாதம், தினமும் கடையில் பப்ஸும் கேக்கும் வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் நானே சுட ஆரம்பித்தேன்.

முதலில் செய்தது வெண்ணெய் கேக். வீடியோவில் பார்த்தபடி மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை எல்லாம் சம எடை. மே மாதம், பகல் பதினோரு மணி. வெண்ணெயையும் சர்க்கரையையும் அடிக்க அடிக்க வெளுத்துப் பொங்கி வரும் என்றார்கள். எனக்கு அது மஞ்சள் எண்ணெயாகப் பிரிந்து கிண்ணத்தில் ஓடியது. விடாமல் சுட்டேன். மேலே பாளமாக வெடித்து, அடியில் அல்வா மாதிரி கெட்டியாக உட்கார்ந்துவிட்டது, தட்டைச் சாய்த்தால் நெய் வடிகிறது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்குக் கை ராசி இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. சர்க்கரைப் பரல் வெண்ணெயைக் கீறிக் கீறி உள்ளே காற்றை அடைத்துவைப்பதால்தான் அந்த கேக் எழும்புகிறது. அதற்கு வெண்ணெய் 20 டிகிரி பக்கத்தில் இருக்கவேண்டும், கையால் அமுக்கினால் பள்ளம் விழவேண்டும், உருகக் கூடாது. 32 டிகிரி தாண்டினாலே வெண்ணெய் இளகி ஓடத் தொடங்கிவிடும். நம்ம அடுப்படியில் மே மாதம் அதைவிடக் குறைவாக எப்போது இருக்கிறது சொல்லுங்கள். இப்போது கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் வெண்ணெய் கேக் செய்கிறேன், அதுவும் விடிகாலை ஐந்து மணிக்கு. கிண்ணத்துக்கு அடியில் பெரிய சட்டியில் நொறுக்கின ஐஸும் தண்ணீரும் வைத்துக்கொண்டு அடிப்பேன். படகுக்கு ஐஸ் ஏற்றுகிற ஊரில் அதற்கா பஞ்சம்.

வெயில் காலத்துக்கு என் கைக்கு வந்தது கருப்பட்டி ரவை கேக்தான். சாயல்குடி பக்கத்திலிருந்து வருகிற கருப்பட்டி 200 கிராம் எடுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் காய்ச்சி வடிகட்டினால் முக்கால் கப் பாகு கிடைக்கும். வடிகட்டாமல் மட்டும் விடாதீர்கள், அடியில் தூசியும் மண்ணும் நிற்கும். பாகு நன்றாக ஆறவேண்டும். ஒன்றரை கப் ரவை, அரை கப் மைதா, ஒரு கப் புளித்த தயிர், அரை கப்புக்குக் கொஞ்சம் குறைவாக வாசனையில்லாத எண்ணெய், இரண்டு ஏலக்காய், ஒரு துளி சுக்குப் பொடி. எல்லாவற்றையும் பாகோடு கலந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். ரவை தயிரையெல்லாம் குடித்து இட்லி மாவைவிடக் கெட்டியாகிவிடும், அப்போது இரண்டு மூன்று கரண்டி பால் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம். ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் கடைசியில்தான். சோடா தயிரின் புளிப்பைத் தொட்ட நிமிடமே நுரைக்கத் தொடங்கிவிடும். அதைப் போட்டுவிட்டு போன் பேசப் போனால் அந்த நுரை அடங்கிவிடும், கேக் தட்டையாகத்தான் வரும்.

என்னிடம் ஓவன் இல்லை. ஐந்து லிட்டர் குக்கரில் அடியில் ஒரு விரல் உயரம் கல் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு பிரிமணை மாதிரி கம்பி வளையம். தண்ணீர் ஒரு சொட்டு கூடக் கூடாது. மூடியில் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, பத்து நிமிடம் மிதமான தீயில் சூடேற்றி, அப்புறம் மாவு ஊற்றின தட்டை இறக்கிச் சிறு தீயில் 40 முதல் 45 நிமிடம். மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னலைச் சாத்திவிடுங்கள், சிறு தீ ஆடி ஆடி ஒரு பக்கம் மட்டும் கருகும், சமயத்தில் அணைந்தே போகும். வெந்ததா என்று பார்க்கப் புது விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியைக் கழுவி நடுவில் குத்துவேன். மாவு ஒட்டாமல் வந்தால் சரி. அந்த உப்பை எடுத்துவைத்து அடுத்த தடவைக்கும் போடலாம், சமையலுக்கு ஆகாது.

இன்னொன்று, பேக்கிங் பவுடர். கடற்காற்றுக்கு அது மூன்றே மாதத்தில் கட்டி தட்டிவிடுகிறது. அரை ஸ்பூன் எடுத்துச் சுடுதண்ணீரில் போடுங்கள், சோடா பாட்டில் திறந்த மாதிரி பொங்கவேண்டும். சோம்பலாக நாலு குமிழி விட்டால் கொட்டிவிடுங்கள். பெரிய டப்பாவாக வாங்காதீர்கள். நான் அப்படி வாங்கி, இரண்டு கேக்கைப் பாழாக்கின பிறகுதான் இதைக் கண்டுபிடித்தேன்.

உங்கள் வீட்டில் எது சரியாக வருகிறது, எது வரவில்லை, எழுதுங்கள்.

கீழக்கரையிலிருந்து

ராத்தா, நீங்கள் வெண்ணெயைப் பற்றிச் சொன்னதைப் படித்ததும் எனக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் கரண்டு ஓவன் இருக்கிறது, மச்சான் துபாயிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. கடல் இரண்டு தெரு தள்ளித்தான், இரண்டே வருடத்தில் உள்ளே இருக்கிற கம்பித் தட்டு துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிர ஆரம்பித்துவிட்டது. போன நோன்பில் கேக் பாதி எழும்பியிருக்கும்போது கரண்டு போய், திரும்பி வருவதற்குள் நடுவில் குழி விழுந்துவிட்டது. அது பிறகு எவ்வளவு சூடு காட்டினாலும் எழும்பாது. குழி விழுந்த பாகத்தைத் தோண்டி எடுத்துவிட்டு வாழைப்பழம் நறுக்கிப் போட்டு வைத்தோம், பிள்ளைகள் அதைத்தான் முதலில் எடுத்தார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. நம்ம வெயில் வெண்ணெய்க்குத்தான் ஆகாது, முட்டைக்கு நல்லது. முட்டை வெதுவெதுப்பாக இருந்தால்தான் நன்றாக நுரைத்து எழும்பும். குளிர் ஊரில் இருப்பவர்கள் கிண்ணத்தைச் சுடுதண்ணீர் மேல் வைத்து அடிக்கிறார்கள், நமக்கு அந்த வேலையே இல்லை. நாலு முட்டை, 120 கிராம் சர்க்கரை, 120 கிராம் மைதா, அவ்வளவுதான், வெண்ணெயும் கிடையாது பவுடரும் கிடையாது. முட்டையையும் சர்க்கரையையும் மெஷினில் பத்து நிமிடமாவது அடிக்கவேண்டும். கரண்டியைத் தூக்கினால் ஒழுகுகிற நுரை ரிப்பன் மாதிரி மேலே விழுந்து, மூன்று நாலு நொடி அப்படியே நிற்கவேண்டும். மைதாவை மூன்று தடவை சலித்து, மூன்று பங்காகத் தூவி, அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிச் சேர்க்கவேண்டும், கலக்கக் கூடாது. கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை சரியாக நிற்காது. எலுமிச்சைத் தோலால் துடைத்துக்கொண்டால் போதும்.

உம்மா காலத்தில் ஓவன் எங்கே இருந்தது? சட்டியில் ஊற்றி மூடி, மூடிமேல் சிரட்டைத் தணலைப் போட்டு, கீழேயும் மெல்லிய தணல். மேலே சூடு இருந்ததால் மேல்தோல் சிவந்து வரும். குக்கரில் அந்த நிறம் வராது, அதுதான் குறை. தொதல் (தேங்காய்ப்பால் அல்வா) கிண்டுகிற அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே அதையும் பார்த்துக்கொள்வார்கள்.

நான்கட்டாய் பிஸ்கட் யாராவது செய்கிறீர்களா? ஒரு பங்கு நெய், ஒரு பங்கு பொடித்த சர்க்கரை, இரண்டு பங்கு மைதா, நன்றாகத்தான் வருகிறது, ஆனால் சாயங்காலத்துக்குள் நமத்துப்போகிறது. முழுக்க ஆறினதும் எவர்சில்வர் டப்பாவில் அடியில் அரிசி முடிச்சு ஒன்று வைத்துப் பார்த்தேன், இரண்டு நாள் தாங்கியது.

மண்டபத்திலிருந்து

நாங்கள் 1990-ல் இலங்கையில இருந்து வள்ளத்தில வந்த ஆக்கள், முகாமிலதான் இருக்கிறம். ரவை கேக் என்று வாசிச்சதும் எழுதாமல் இருக்க ஏலேல்லை. எங்கட பக்கம் லவ் கேக் என்று ஒன்று இருக்கு, அதுவும் ரவையிலதான். ரவையை லேசா வறுத்து, சூடு ஆறமுதல் பட்டரைப் போட்டுப் பிசைஞ்சு விட்டிடுவம். ரவை பட்டரைக் குடிச்சு ஊறவேணும், அதனால உருகினாலும் பிரச்சினை இல்லை, உங்கட வெயிலுக்கு அது தோதா இருக்கும். பிறகு நிறைய மஞ்சள் கரு, சீனி, கொத்தின கஜு (முந்திரிப்பருப்பு), தேன், ரோசாப்பூப் பன்னீர், ஏலம், சாதிக்காய். சூடு குறைவா, 150 டிகிரி அளவில, கனநேரம் வைக்கவேணும். உள்ளுக்குள்ள ஈரப்பதமா இருக்கும், மேல்பக்கம் மொறுமொறுப்பா. சுட்ட அண்டைக்கு வெட்டக் கூடாது, அடுத்த நாள்தான் ருசி. அம்மம்மா கஜுவை அரிவாள்மனையில இருந்து ஒவ்வொன்றா நறுக்குவா, மிக்சியில போட்டால் எண்ணெய் விட்டிடும் என்று. இஞ்ச கஜு விலைக்கு நான் பாதி நிலக்கடலை போடுறன். பால் விடாத, சீனி குறைச்ச பிளேன் டீயோட சாப்பிட்டுப் பாருங்கோ, காப்பியும் நல்லம்.

மறுபடி தங்கச்சிமடத்திலிருந்து

கீழக்கரைத் தங்கச்சி சொன்ன முட்டை கேக்கைச் செய்து பார்த்தேன். மெஷின் இல்லை, கையாலேயே அடித்தோம். நானும் கொழுந்தனார் மகளும் மாறி மாறி இருபத்தைந்து நிமிடம், ரிப்பன் நின்றது! பஞ்சு மாதிரி வந்தது, ஆனால் காப்பியில் முக்கினால் உடனே கரைந்து டம்ளரில் விழுந்துவிடுகிறது. எங்கள் வீட்டு ஆண்களுக்கு முக்கிச் சாப்பிடத்தான் வேண்டும், அதற்கு ரவை கேக்தான் நிற்கிறது. காப்பியில் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், கருப்பட்டி இனிப்பு இருக்கிறதல்லவா, டிகாஷன் கொஞ்சம் கடுப்பாக இருந்தால் இரண்டும் சேர்ந்து அவ்வளவு நன்றாக இருக்கும்.

மண்டபத்து அக்கா, உங்கள் யோசனைப்படி ரவையை வறுத்து, தயிருக்கு முன்னால் நெய்யில் ஊறவைத்துச் செய்தேன். மூன்றாம் நாளும் உலரவில்லை.

தடை முடிந்து முதல் நாள் படகு கிளம்பும்போது டிபன் டப்பாவில் எட்டுத் துண்டு வைத்து அனுப்பினேன். அடுத்த நாள் காலையில் டப்பா டீசல் வாடையோடு திரும்பி வந்தது, உள்ளே ஒரு பொடி கூட இல்லை. அடுத்த தடவை பதினாறு துண்டு வேண்டுமாம். என் குக்கரில் அவ்வளவு பெரிய தட்டு இறங்காது. அகலமான அலுமினியத் தேக்சாவில் உப்புப் போட்டு, கனமான மூடி வைத்து யாராவது சுட்டிருக்கிறீர்களா? எத்தனை நிமிடம் வைத்தீர்கள்? உம்மாவின் முறைப்படி மூடிமேல் சிரட்டைத் தணல் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை செய்கிறேன்.