178 வேலையில் 1.7 தப்பு: இதுக்கா இவ்வளவு கூப்பாடு?

கணக்குச்சாமி:
ஐசியுன்னாலே தப்பு நடக்கிற இடம்னு பீதியைக் கிளப்புறவங்க கவனத்துக்கு. ஜெருசலேம் ஹதாசா மருத்துவமனை ஐசியுவில் ஆள் போட்டுக் கவனிச்சு எண்ணி, 1995ல் ஆய்வா வெளியிட்டாங்க. ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு 178 வேலை. அதுல தப்பு 1.7. நூத்துக்கு 99 சரி. எங்க ஃபேக்டரியில இப்படி வந்தா போனஸ் கொடுப்பாங்க.

நைட்டுடூட்டி:
உங்க போல்ட்டுக்கு பிபி இறங்காது சார். 1.7ங்கிறது ஒரு ஆளுக்கு, ஒரு நாளைக்கு. பத்து நாள் படுத்திருந்தா 17. அதே ஆய்வுல அடுத்த வரியைப் படிச்சீங்களா? ஆறே பெட் உள்ள அந்த யூனிட்டில், ஆபத்தான அல்லது ஆபத்தாகக்கூடிய தப்பு தினம் ரெண்டு.

சும்மாவந்தவன்:
முதல்ல ‘தப்பு’ன்னா எதுன்னு சொல்லுங்க. மருந்து கால் மணி நேரம் லேட்டானாலும் தப்புதானா?

கணக்குச்சாமி:
17 இருக்கட்டும், மொத்த வேலை 1780 ஆச்சே! அப்பவும் 99 சதவீதம்தான். கணக்கு கணக்குதான்.

பழையஸ்டெத்:
நைட்டுடூட்டி வசதியா ஒண்ணை மறைக்கிறாங்க. அந்தத் தப்புகள்ல பாதிக்குக் கொஞ்சம் மேல நர்ஸுங்க செஞ்சது.

நைட்டுடூட்டி:
வாங்க டாக்டர், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். வேலையில முக்கால்வாசிக்கும் மேல யார் செஞ்சாங்க? பெட் பக்கம் எட்டிப் பார்த்துட்டுப் போறவங்களுக்கும் எங்களுக்கும் தப்பு ஏறக்குறைய சமம்னா, யாருக்கு வெட்கம்? இன்னொண்ணு: டாக்டரும் நர்ஸும் வாயால பேசிக்கிறது மொத்த வேலையில 2 சதவீதம். பதிவான தப்புல 37 சதவீதம் அங்கேதான். ரவுண்ட்ஸ்ல நடந்துக்கிட்டே “அதை அஞ்சுக்குக் குறைச்சிடுங்க”ன்னு சொல்லிட்டுப் போவீங்க. எதை? தலைமாட்டுல மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துற சிரிஞ்ச் பம்ப் நாலு ஓடுது. ஒண்ணு நார்அட்ரீனலின், பிபியை விழாமத் தாங்கிப் பிடிக்கிற மருந்து. எழுதித் தாங்கன்னு கேட்டா மூஞ்சி எட்டு முழம்.

பழையஸ்டெத்:
கேட்டா கோபப்பட்டேன்னு யார் சொன்னது? போன மாசம் வெண்டிலேட்டர் அலாரம் விஷயத்துல தோத்த கடுப்பு இன்னும் அடங்கலையா?

நைட்டுடூட்டி:
தோத்தேனா? விடிய விடிய அலாரம் கேட்டா காது மரத்துப்போகும்னு சொன்னேன், இப்பவும் சொல்றேன். நீங்க பதில் சொல்லாம ஓடினீங்க.

கணக்குச்சாமி:
ரெண்டு பேரும் சண்டை போட்டாலும் 178க்கு 1.7தான்.

பழையஸ்டெத்:
மிச்சிகன்ல ப்ரோனோவோஸ்ட்னு ஒரு டாக்டர்தான் செக்லிஸ்ட் கொண்டுவந்து, சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்ல போடுற ட்யூப்) மூலமா வர்ற இன்ஃபெக்‌ஷனைக் குறைச்சார். டாக்டர், நர்ஸ் இல்லை!

நைட்டுடூட்டி:
நல்ல வேளை, நீங்களே எடுத்துக் கொடுத்தீங்க. அந்தச் செக்லிஸ்ட்ல கை கழுவுறது, தோல்ல குளோர்ஹெக்ஸிடின்கிற கிருமிநாசினி போடுறதுன்னு அஞ்சே விஷயம். ஒரு டாக்டருக்கும் தெரியாததில்லை. ஒண்ணை விட்டாலும் டாக்டரை நிறுத்துன்னு நர்ஸுக்கு அதிகாரம் கொடுத்தாங்க பாருங்க, அது புதுசு. உங்க ஐசியுவில் நான் “நில்லுங்க”ன்னா நிப்பீங்களா?

பழையஸ்டெத்:
சிஸ்டர், மரியாதையாப் பேசுங்க.

நைட்டுடூட்டி:
நிப்பீங்களா மாட்டீங்களா? அப்புறம், நான் பிரதர்.

சும்மாவந்தவன்:
தப்புன்னா என்னன்னு கேட்டேனே…

கணக்குச்சாமி:
99.04 சதவீதம். இப்ப கால்குலேட்டர்லயும் போட்டுட்டேன்.