பாடுகளின் நாடகத்தில் அந்த ஒரு வசனம் வேண்டுமா?

வசனகர்த்தா: இயேசு பாடுபட்டு இறந்ததைக் காட்டும் நம் பெரிய வெள்ளி நாடகத்தில் ரோமை ஆளுநர் பிலாத்து கை கழுவியதும் கூட்டம் முழுவதும், “இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும்” என்று கத்தும் (மத்தேயு நற்செய்தி 27:25). அதை எடுத்துவிட வேண்டும் என்கிறேன். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இந்த வரியைக் காட்டித்தான் யூதர்களை ‘கிறிஸ்துவைக் கொன்றவர்கள்’ என்று விரட்டினார்கள்.

மறைக்கல்வி ஆசிரியர்: விவிலியத்தில் இருப்பதை வெட்ட நாம் யார்? ஜெர்மனியில் ஓபர்அம்மர்காவ் ஊரார் 1633-இல் கொள்ளைநோய்க்குப் பயந்து, பாடுகளின் நாடகம் போடுவதாக நேர்ந்துகொண்டார்கள். 1634-இல் தொடங்கிய நாடகம் இன்னும் நடக்கிறது. பக்தி என்றால் அப்படி நிற்க வேண்டும்.

வசனகர்த்தா: அந்த ஊரே 2000-இல் இந்த வரியை எடுத்துவிட்டது, ஐயா! 1934-இல் 300-ஆம் ஆண்டு விழா நாடகத்தை ஹிட்லர் நேரில் போய்ப் பார்த்தார். அதற்குப் பிறகும் யோசிக்காமல் எப்படி? இயேசுவின் சாவுக்கு யூதர் எல்லார்மேலும் பழி போடக்கூடாது என்று 1965-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய வத்திக்கான் சங்கமே சொல்லிவிட்டது.

மறைக்கல்வி ஆசிரியர்: பழி போடாதே என்றது, வாசகத்தை அழி என்று சொல்லவில்லையே. மத்தேயு வாசிக்கும் ஆண்டில் குருத்து ஞாயிறன்று இதே வரியைக் கோயிலில் நாமும் சேர்ந்துதானே சொல்கிறோம்?

வசனகர்த்தா: அங்கே சொல்வது நாம். அதனால் நெஞ்சில் குத்துகிறது. மேடையில் சொல்வது வேடம் போட்டவர்கள். பார்ப்பவர் ‘அவர்கள்தான்’ என்று கைகாட்டிவிட்டு எழுந்து போவார்.

ஒப்பனைக் கலைஞர்: வசனத்தோடு விடாதீர்கள், உடையையும் பாருங்கள். இயேசு, மரியா, பேதுரு எல்லாரும் யூதர்கள்தான். ஆனால் அவர்களுக்கு மட்டும் வெள்ளை அங்கி. தலைமைக் குரு கயபாவுக்குக் கறுப்பு உடை, ஒட்டுத்தாடி, மெழுகில் பிடித்த வளைந்த மூக்கு. வாயைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது.

மறைக்கல்வி ஆசிரியர்: சரி, உடையை மாற்றுங்கள், மூக்கையும் எடுங்கள். அது அசிங்கம்தான். வரி மட்டும் இருக்கட்டும். பிள்ளைகள் நாளைக்கு வேதத்தைத் திறந்து படிக்கும்போது, ‘இதை ஏன் மறைத்தீர்கள்?’ என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

வசனகர்த்தா: மறைக்கவில்லை, தேர்ந்தெடுக்கிறோம். இயேசுவின் முகத்தைத் துடைத்ததாகச் சொல்லப்படும் வெரோணிக்கா நான்கு நற்செய்தியிலும் இல்லை. அவர் துணியோடு மேடையேறும்போது யாரும் தடுப்பதில்லையே. சிலுவைக்குப் பின்னால் திரளான மக்கள் போனார்கள், பெண்கள் மாரடித்து அழுதார்கள் என்று லூக்கா எழுதியிருக்கிறார். அவர்களும் யூதர்கள்தான். அந்தக் கூட்டத்துக்கு நம் நாடகத்தில் ஒரு காட்சிகூட இல்லை. இரத்தப்பழி வரி மத்தேயுவில் மட்டும்தான். மாற்கும் லூக்காவும் யோவானும் அது இல்லாமலேதான் பாடுகளை எழுதினார்கள்.