ராபி அலைவுல குட்டிக் குட்டி நெளிவு வருது, கோட் பிழையா?

வாவிக்கரை:
வணக்கம். வந்தாறுமூலை கம்பஸ்ல பிசிக்ஸ் படிக்கிறன். ரெண்டே ரெண்டு சக்தி மட்டம் உள்ள சிஸ்டத்த கொசைன் அலையால விடாம ஆட்டினா என்ன நடக்கும் எண்டு பைதன்ல போட்டுப் பாத்தன். மட்ட இடைவெளி 1, ராபி மீடிறன் (பரிவுல சிஸ்டம் ரெண்டு மட்டத்துக்கும் இடையில ஏறி இறங்குற வேகம்) 0.3. பரிவுல, அதாவது ஆட்டுற மீடிறன் இடைவெளிக்குச் சமனா இருந்தா, மேல்மட்ட நிகழ்தகவு வழுவழுப்பா ஏறி இறங்கணும் எண்டுதான் படிச்ச, ஆனா எனக்கு கோடு முழுக்க நெளிவு, அதோட நேரச் சராசரிய எடுத்து ஆட்டுற மீடிறனுக்கு எதிரா வரைஞ்சா உச்சி 1ல இல்ல, 1.02 கிட்ட நிக்கிது. ஸ்டெப்ப எவ்வளவு சின்னனாக்கியும் அசையிதில்ல. யாராச்சும் சொல்லுங்க.

கல்லடி அக்கா:
தம்பி கோட் சரி, ஸ்டெப்புக்கு அசையாட்டி அது பிசிக்ஸ்தான். கொசைன் எண்டா எதிரெதிர்ப் பக்கம் சுத்துற ரெண்டு அலை, அதுல சிஸ்டத்தோட சேந்து சுத்துறத மட்டும் வெச்சிட்டு மத்தத விட்டாத்தான் அந்த வழுவழுப்பான சமன்பாடு வரும். விட்டது ஆட்டுற மீடிறன்ட ரெண்டு மடங்குல துடிக்கும், அதுதான் உங்கட நெளிவு. உச்சி நகர்றதுக்கு ப்ளொக்–சீகெர்ட் நகர்வு எண்டு பேர், 1940ல வந்தது. ராபி மீடிறன வர்க்கிச்சு இடைவெளிட நாலு மடங்கால பிரிங்க, 0.09ஐ 4ஆல பிரிச்சா 0.0225. சரியா வருதே! 0.1க்கும் போட்டுப் பாருங்க, 1.0025 வரணும்.

சம்மாந்துறை நானா:
தம்பி, கன நேரத்துக்கு ஓட்டுறெண்டா ரங்க–குட்டாவ (ஸ்டெப் ஸ்டெப்பா சமன்பாட்டத் தீர்க்கிற வழமையான முறை) நம்பாதீங்க, மொத்த நிகழ்தகவு மெல்ல மெல்ல 1ஐ விட்டு விலகும். ஒரு சுற்ற சின்னத் துண்டுகளாப் பிரிச்சு ஒவ்வொண்டுக்கும் பவுலி தாயத்தின்ட (ரெண்டு மட்ட சிஸ்டத்த எழுதுற 2×2 தாயம்) அடுக்குக்குறிய கொசைன், சைனால நேரா எழுதிப் பெருக்குங்க. அந்த ஒரு சுற்றுத் தாயம் கையில வந்தா காணும், ஐகன் வேல்யூ ரெண்டுக்கும் உள்ள கட்ட வித்தியாசத்த சுற்று நேரத்தால பிரிச்சா மெதுவான அலைவு கிடைக்கும். ஃப்ளோகே முறை இதுதான், ஷேர்லி 1965ல ரெண்டு மட்டத்துக்கு செஞ்ச.
இன்னொண்டு, கட்டாயம் பாருங்க. ஆட்டத்த சிக்மா இசட் எண்ட பவுலி தாயத்தின்ட பக்கம் குடுத்து, தாவல (ஒரு மட்டத்தில இருந்து மத்ததுக்கு மாறுறத) சிக்மா எக்ஸ்ல வைங்க, ரெண்டுக்கும் முன்னால அரை. ஆட்ட வீச்சத்த மீடிறனால பிரிச்சா 2.405 வாற மாதிரி வெச்சா தாவலே நிண்டு போகும், தாவலப் பெருக்குற பெசல் சார்பு அங்க பூச்சியம். 1991ல கண்டுபிடிச்சது, எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான்.

வாவிக்கரை:
அக்கா, 1.0025 அப்பிடியே வந்த! நானா, 2.405ல தொடங்கின மட்டத்திலயே நிக்கிது, ஆனா கன நேரம் விட்டா கொஞ்சம் கசியிது?

சம்மாந்துறை நானா:
ஓம், பெசல் விடை தாவல விட ஆட்ட மீடிறன் நல்லாப் பெருசா இருந்தாத்தான் சரி. மீடிறன கூட்டுங்க, விகிதத்த மாத்தாதீங்க, கசிவு குறையும்.