தேசபந்து தென்னகோன் வழக்கும் எங்கள் தோட்டத்துப் பையனும்

ஹட்டன் பக்கத்திலிருந்து:

2025 ஆகஸ்ட் 5ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால் தேசபந்து தென்னகோனைப் பொலிஸ்மா அதிபர் பதவியிலிருந்து நீக்கியபோது இங்கே எல்லோரும் அவர் அனுப்பியதாகச் சொல்லப்பட்ட பொலிஸ் குழு வெலிகம ஹோட்டலில் நடத்திய துப்பாக்கிச் சூட்டைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு மனதில் நிற்பது அதற்கு முந்திய வழக்கு. 2010 கடைசியில் மிரிஹான பொலிஸ் பிடித்த ஒரு முன்னாள் இராணுவ வீரர், தன்னைச் சித்திரவதை செய்தார்கள் என்று அடிப்படை உரிமை மனு போட்டார். பன்னிரண்டு வருஷம் இழுத்தது, மனுஷன் விடவில்லை. 2023 டிசம்பர் 14 அன்று நாட்டின் மிக மேலான நீதிமன்றமான உயர் நீதிமன்றம் தென்னகோனும் மற்றப் பொலிஸ்காரர்களும் செய்தது உரிமை மீறல்தான் என்று தீர்ப்புச் சொல்லி, தென்னகோன் சொந்தப் பணத்திலிருந்து 5 இலட்சம் ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும், ஒழுக்காற்று நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்றது. அப்போது அவர் பதில் பொலிஸ்மா அதிபர். நடவடிக்கை எடுப்பார்கள் என்று பார்த்தால் 2024 பெப்ரவரியில் அந்தப் பதவியையே நிரந்தரமாகக் கொடுத்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. கடைசியில் அந்த ஜூலையில் நீதிமன்றம்தான் இடைக்காலத் தடை போட்டு நிறுத்தியது.

எங்கள் கதைக்கு வருகிறேன். பங்களாவில் தண்ணீர் மோட்டார் காணாமல் போனது என்று மேல் லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடு) பையனைப் பொலிஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் அவன் அப்பாவோடு நானும் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், உள்ளங்கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தது, செருப்புக்குள் கால் நுழையவில்லை. சிங்களத்தில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள், அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. “அண்ணே, வீட்டுக்குப் போவோம்” என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. “விழுந்துவிட்டான்” என்று ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள், பெரிசாக்க வேண்டாம் என்று தோட்டத்துப் பெரிய மனிதர் ஒருவர் அப்பாவுக்குப் புத்தி சொன்னார், அவரும் பயத்தில் அப்படியே சொல்லிவிட்டார். மோட்டாரை எடுத்தது வேறு ஆள் என்று தெரிய வந்தபோது அடிப்படை உரிமை மனு போடச் சட்டம் கொடுக்கும் ஒரு மாதம் தாண்டிவிட்டது.

பண்டாரவளையிலிருந்து:

தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்கு இங்கே பக்கத்தில் உள்ள பிந்துனுவெவ ஞாபகம்தான் வந்தது. 2000 ஒக்டோபர் 25, புனர்வாழ்வு முகாமில் இருந்த 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களை ஒரு கூட்டம் உள்ளே புகுந்து கொன்றது. பொலிஸ் அங்கேயே நின்றது. அன்றைக்கு டவுனில் கடைகளைப் படபடவென்று மூடினோம், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மேல் நீதிமன்றம் பொலிஸ் அதிகாரிகள் இருவர் உட்பட ஐந்து பேருக்கு மரண தண்டனை கொடுத்தது, 2005க்குள் மேன்முறையீட்டில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். இதெல்லாம் பார்த்த பிறகு எங்கள் ஆட்கள் பொலிஸ் படியேறப் பயப்படுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

பதுளையிலிருந்து:

பயம் சரி அண்ணே, ஆனால் அந்த ஒரு மாதத்தை மட்டும் விடவே கூடாது. என் மச்சானுக்கு பொலிஸில் அடி விழுந்த அன்றே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தோம், அப்புறம் அவர்களுடைய பதுளை அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தோம். ஒரு மாதத்துக்குள் அங்கே கொடுத்துவிட்டால், அவர்கள் விசாரிக்கும் காலம் உயர் நீதிமன்ற மனுவுக்கான கணக்கில் சேராது. டாக்டரிடம் யார் அடித்தார்கள், எதைக் கொண்டு அடித்தார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, காயங்களை வழக்குக்காகப் பரிசோதித்து அறிக்கை எழுதும் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உரிமை உண்டு, வாசித்துக் காட்டாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மச்சானின் விசாரணை இன்னும் முடியவில்லை, ஆனால் அவனை அடித்த ஆள் இப்போது அந்த நிலையத்தில் இல்லை.