டிஏசி (டிஜிட்டல் பாட்டை அனலாக்காக மாற்றித் தரும் பெட்டி) வாங்கி ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயரில்) சொருகியவர்களே, உங்கள் வீட்டில் என்ன ஆனது?

நானே தொடங்குகிறேன். லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து நேராக ஆம்ப்புக்கு வயர் போட்டு வெகுநாள் ஓட்டினேன். பாட்டு ஓடும்போது ஒன்றும் தெரியாது, நிறுத்திவிட்டு மவுஸை அசைத்தால் ஸ்பீக்கரில் கிர்ர் கிர்ர் என்று சன்னமாக ஒரு சத்தம். மதர்போர்டில் ஆயிரம் வேலை நடக்கிற இடத்திலேயே டிஜிட்டலை அனலாக்காக மாற்றினால் அப்படித்தான் வரும், அந்த வேலையை வெளியே தள்ளிவிடலாம் என்று யூஎஸ்பி டிஏசி ஒன்று வாங்கினேன். இணைப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. லேப்டாப்பிலிருந்து யூஎஸ்பி, டிஏசியின் முதுகிலிருந்து சிவப்பு வெள்ளை ஆர்சிஏ வயர், ஆம்ப்பில் சிடி அல்லது ஆக்ஸ் என்று எழுதிய துளை, அவ்வளவுதான். ஃபோனோ துளை காலியாக இருக்கிறதே என்று அதில் மட்டும் சொருகிவிடாதீர்கள், அது ரெக்கார்ட் பிளேயர் ஊசி தருகிற சில மில்லிவோல்ட்டுக்காக வைத்தது, டிஏசி தருவதோ 2 வோல்ட் வாக்கில், பாஸ் ஊதிப்போய் எல்லாம் கிழிந்துதான் கேட்கும்.

கிர்ர் போய்விட்டது. அதற்குப் பதிலாக உம்ம்ம் என்று ஒரு ரீங்காரம் வந்து உட்கார்ந்துகொண்டது! லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் நிற்கிறது, மாட்டினால் வருகிறது, ஆக டிஏசி மேல் பழி இல்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது. சார்ஜர் ஒரு வழியாக எர்த்துக்குப் போகிறது, ஆம்ப் இன்னொரு வழியாகப் போகிறது, நடுவில் யூஎஸ்பி வயரும் ஆர்சிஏ வயரும் சேர்ந்து இரண்டையும் வளையமாகக் கட்டிவிடுகின்றன, அந்த வளையத்தில் ஓடுகிற மின்சாரம்தான் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் சத்தமாகக் கேட்கிறது. சார்ஜரையும் ஆம்ப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டியதும் முக்கால்வாசி அடங்கியது. எர்த் பின்னை எடுத்துவிட்டால் சுத்தமாகப் போய்விடும் என்று யாராவது வந்து சொல்வார்கள், அந்த வேலை வேண்டவே வேண்டாம், அது உயிரைக் காப்பாற்ற வைத்த பின். மீதிக் கால்வாசிக்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

* * *

மீதிக்கு ஆப்டிகல்தான் சார். தோஷிபா 1983-இல் கொண்டுவந்த அந்த டாஸ்லிங்க் கேபிளில் போவது வெறும் வெளிச்சம், உலோகம் கிடையாது, அதனால் வளையமே உருவாகாது. லேப்டாப்பில் ஆப்டிகல் இல்லையென்றால், தகவலை மட்டும் விட்டு மின் தொடர்பைத் துண்டிக்கிற யூஎஸ்பி ஐசொலேட்டர் வைத்துப் பார்க்கலாம், எனக்கு அதிலேயே சரியாகிவிட்டது. ஆனால் வாங்குமுன் வேகத்தைப் பாருங்கள். சாதாரண ஐசொலேட்டர்கள் 12 மெகாபிட்டோடு நின்றுவிடும், 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் வரை ஸ்டீரியோ அதில் போகும், 192-க்கு ஆசைப்பட்டால் போகாது, சில டிஏசிகள் அந்த வேகத்தில் கணினியின் கண்ணிலேயே படாது. என் பாட்டெல்லாம் சிடியிலிருந்து எடுத்த 44.1, எனக்கு அது தாராளம்.

* * *

எங்கள் வீட்டுக் கதை வேறு. ஹம் இல்லை, ஹிஸ் இல்லை, வித்தியாசமும் இல்லை! டிஏசியை ஏவி ரிசீவரில் (ஹோம் தியேட்டர் ஆம்ப்பில்) சொருகியிருந்தோம். இதை நிறைய பேர் கவனிப்பதில்லை, பெரும்பாலான ஏவி ரிசீவர்கள் அனலாக் உள்ளீட்டை அப்படியே ஸ்பீக்கருக்கு விடுவதில்லை, அறைக்கேற்ப ஒலியைத் திருத்துகிற ரூம் கரெக்‌ஷனும் பாஸை சப்வூஃபருக்குப் பிரித்துக் கொடுப்பதும் டிஜிட்டலில் நடப்பதால் உள்ளே வந்த அனலாக்கைத் திரும்ப டிஜிட்டலாக்கி, கணக்குப் போட்டு, தன்னுடைய டிஏசி வழியாகத்தான் வெளியே அனுப்பும். அப்புறம் நம் டிஏசிக்கு அங்கே என்ன வேலை? ரிசீவரில் ப்யூர் டைரக்ட் என்ற மோடைப் போட்டால் பெரும்பாலும் இந்தச் சுற்று தவிர்ந்துவிடும், ஆனால் அதோடு ரூம் கரெக்‌ஷன் போகும், பல மாடல்களில் சப்வூஃபரும் அமைதியாகிவிடும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன், என் அறைக்கு ரூம் கரெக்‌ஷன்தான் பெரிய விஷயம், டிஏசி இப்போது ஹெட்போனுக்குப் போய்விட்டது. ரிசீவர் வைத்திருப்பவர்கள் கணினியை எச்டிஎம்ஐயில் மாட்டிவிட்டு அந்தக் காசை ஸ்பீக்கரில் போடலாம் என்பது என் கட்சி.

* * *

கொஞ்சம் உதவுங்கள். டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து டிஏசி, அங்கிருந்து ஸ்டீரியோ ஆம்ப். செய்தி சேனல் நன்றாகக் கேட்கிறது, படம் போட்டால் மட்டும் ஊமை. கேபிள் முனையில் சிவப்பு வெளிச்சம் வருகிறது, பிளாஸ்டிக் மூடியையும் எடுத்துவிட்டேன். டிஏசி போய்விட்டதா?

* * *

டிஏசி நன்றாகத்தான் இருக்கிறது நண்பரே. படத்துக்கு டிவி டால்பி டிஜிட்டலாகச் சுருக்கி அனுப்புகிறது, ஸ்டீரியோ டிஏசிக்குத் தெரிந்த பாஷை சுருக்காத பிசிஎம் மட்டும்தான். டிவி செட்டிங்ஸில் சவுண்டுக்குள் போய் டிஜிட்டல் அவுட்புட்டை ஆட்டோவிலிருந்து பிசிஎம்முக்கு மாற்றுங்கள். டிவி ரிமோட்டில் வால்யூம் வேலை செய்யாவிட்டால் பயப்படாதீர்கள், பல டிவிகளில் ஆப்டிகலுக்கு ஒரே அளவுதான், ஆம்ப்பில்தான் திருக வேண்டும்.

வால்யூம் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். டிஏசியில் ஃபிக்ஸ்ட் (எப்போதும் முழு அளவு), வேரியபிள் (டிஏசியிலேயே கூட்டிக் குறைப்பது) என்று இருந்தால், ஆம்ப்பில் வால்யூம் இருக்கிறவர்கள் ஃபிக்ஸ்டில் வையுங்கள், கணினியையும் முழுதாக ஏற்றிவிடுங்கள். 16 பிட் பாதையில் கணினியிலேயே சத்தத்தைக் குறைத்தால், குறைக்கிற ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் சுமார் ஒரு பிட் என்ற கணக்கில் பாட்டின் நுணுக்கம் போகும், 24 பிட்டில் அனுப்பினால் அவ்வளவு கவலை இல்லை. ஆனால் வால்யூம் இல்லாத பவர் ஆம்ப்பிலோ, குமிழ் இல்லாத ஆக்டிவ் ஸ்பீக்கரிலோ ஃபிக்ஸ்டில் நேராக மாட்டினால் முதல் பாட்டிலேயே வீடு அதிரும், ஸ்பீக்கரும் போகலாம்.

* * *

பிசிஎம் மாற்றினேன், படம் பேசுகிறது, நன்றி! பழைய இணைப்பைவிட ரொம்பத் தெளிவாகக் கேட்கிறதே, இது டிஏசியாலா?

* * *

முதல் பதிவு போட்டவன்தான். சத்தத்தைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். ஹெட்போன் துளை பல சமயம் 1 வோல்ட்டுக்கும் கீழேதான் தரும், டிஏசி 2 தருகிறது, குமிழை அதே இடத்தில் வைத்தால் டிஏசிதான் உரக்கக் கேட்கும், உரக்கக் கேட்பது எப்போதுமே நல்லதாகத்தான் தோன்றும். சமமாக்கிய பிறகு எனக்கு மிஞ்சிய வித்தியாசம் அந்த கிர்ர் இல்லாததுதான், அதற்காகத்தானே வாங்கினேன். ஐசொலேட்டர் ஆர்டர் போட்டிருக்கிறேன், வந்ததும் ஹம் போனதா என்று எழுதுகிறேன்.