‘மேங்கோ பல்ப்’பா, ‘மேங்கோஸ் பல்ப்’பா? லேபிள் அச்சுக்குப் போகும் முன் சொல்லுங்கள்

பர்கூர்_மாந்தோப்பு:
எங்கள் மாங்கூழ் யூனிட்டுக்கு டின் லேபிளும் வாசல் போர்டும் அடிக்க வேண்டும். பெங்களூரா, அல்போன்சா இரண்டும் அரைக்கிறோம், ஒரு டின்னுக்கே எத்தனையோ பழம் போகும், அதனால் ‘மேங்கோஸ் பல்ப்’ என்றுதான் போட வேண்டும் என்கிறார் பங்குதாரர். டிசைன் செய்யும் தம்பி ‘மேங்கோ பல்ப்’ போதும் என்கிறார், ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. கிருஷ்ணகிரியில் ‘ஃப்ரூட்ஸ் ஷாப்’ போர்டு நிறையப் பார்க்கிறேன், ‘கூட்ஸ் டிரெயின்’, ‘சேவிங்ஸ் அக்கவுண்ட்’ எல்லாம் எஸ்ஸோடுதானே இருக்கிறது? வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு, விதி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தர்மபுரி_வாத்தியார்:
தம்பி, மேங்கோ பல்ப்தான். ஆங்கிலத்தில் இரண்டு பெயர்ச்சொல் சேரும்போது முன்னால் நிற்பது எண்ணிக்கை சொல்ல வருவதில்லை, பின்னால் இருப்பது என்ன வகை என்று காட்டத்தான் வருகிறது. ஷூ ஷாப்பில் ஒற்றை ஷூவா விற்கிறார்கள், டூத் பிரஷ்ஷால் ஒரு பல்லை மட்டுமா தேய்க்கிறோம்? நாமும் புத்தகக் கடை என்றுதானே சொல்கிறோம், புத்தகங்கள் கடை என்று சொல்வதில்லையே. அதனால் ஃப்ரூட் ஷாப் என்பதே சரி. கடை பலவாக இருந்தால் எஸ் கடைசிச் சொல்லுக்குப் போகும், ஃப்ரூட் ஷாப்ஸ். டிரவுசர்ஸ் எப்போதும் எஸ்ஸோடு வரும் சொல், அதுகூட பாக்கெட்டோடு சேர்ந்தால் டிரவுசர் பாக்கெட் ஆகிவிடும். அளவுக்கும் இதே கதைதான்: டென் ஃபீட் லேடர் இல்லை, டென் ஃபுட் லேடர்.

ஓசூர்_ஷிப்பிங்:
சார் சொன்னது சரி. கூட்ஸ், சேவிங்ஸ் ஏன் தப்பிக்கிறது என்றால், எஸ் சேர்ந்ததும் அது வேறு பொருளுள்ள சொல்லாகிவிடுகிறது. கஸ்டம் என்றால் வழக்கம், கஸ்டம்ஸ் என்றால் சுங்கம். நம்ம பக்கம் இன்வாய்ஸில் ‘கஸ்டம் டூட்டி’ என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், கஸ்டம்ஸ் டூட்டி என்று எழுதுங்கள், தயவுசெய்து. கிளாஸ் கேஸ் கண்ணாடிப் பெட்டி, மூக்குக்கண்ணாடி வைக்கும் கூடு கிளாசஸ் கேஸ். எஸ்ஸை எடுத்தால் பொருளே மாறுகிறதா என்று பாருங்கள், மாறினால் விடாதீர்கள்.

மொழியியல்_மாணவி:
மொழி உளவியல் ஆய்வாளர் பீட்டர் கார்டன் 1985-இல் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்திருக்கிறார். எலி தின்னும் பூதத்துக்குப் பெயர் கேட்டால் ‘ரேட் ஈட்டர்’ என்றார்கள், ‘ரேட்ஸ் ஈட்டர்’ என்று சொன்னதே அபூர்வம், ஆனால் மௌஸ் என்பதன் பன்மையான மைஸ் வந்தபோது ‘மைஸ் ஈட்டர்’ என்று தாராளமாகச் சொன்னார்கள். எஸ் சேரும் பன்மைக்கும் சேராத பன்மைக்கும் உள்ள இந்த வேறுபாடு யாரும் கற்றுக்கொடுக்காமலே வந்துவிடுகிறது, எனக்கு இது பெரிய ஆச்சரியம். ஆனாலும் இரும்பு விதி இல்லை அண்ணா. போதைப்பொருள் பிரச்சினையை அமெரிக்காவில் ‘டிரக் பிராப்ளம்’ என்பார்கள், பிரிட்டனில் ‘டிரக்ஸ் பிராப்ளம்’ என்றும் எழுதுவார்கள். உமன் டாக்டர் பன்மையில் விமன் டாக்டர்ஸ், இரண்டு சொல்லுமே மாறும்.

பர்கூர்_மாந்தோப்பு:
ரொம்ப நன்றி சார், நன்றிம்மா. அப்போ 3.1 கிலோ டின் ஆறு பிடிக்கும் அட்டைப்பெட்டிக்கு ‘சிக்ஸ் டின் பாக்ஸ்’ என்று கொடுக்கலாம்தானே?

தர்மபுரி_வாத்தியார்:
தாராளமாக. சிக்ஸுக்கும் டின்னுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு போடச் சொல்லுங்கள்.